ஒற்றைச் செருப்பு

17-ஆம் நம்பர் கட்டிலுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, இடது கால். குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து அப்பளம் போல ஆகியிருந்தது. வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்காகக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதற்கு முன் 14 மணி நேரம் அது அங்கேயேதான் கிடந்திருக்கிறது.

அந்த அம்மாவை 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்தது விடியற்காலையில். வயது அறுபதை ஒட்டி இருக்கும். தெருக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். கேஷுவாலிட்டியில் சுகர் பார்த்தபோது 46. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்பது கணக்கு. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண் விழித்துப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் சர்க்கரை நோய்க்காக அவர் சாப்பிட்டு வந்த கிளிபென்கிளமைடு மாத்திரை உடம்பில் நெடுநேரம் நின்று வேலை செய்யும். ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கிவிடலாம். அதனால் அட்மிஷன் போட்டு மேலே அனுப்பினார்கள். வார்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. நைட் டூட்டி முடியப்போகிற நேரம். காலை ரத்தம் எடுக்க வேண்டியவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். நான் பி.பி. பார்த்தேன், நாடியும் மூச்சும் எண்ணினேன், டெம்பரேச்சர் எடுத்தேன், கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். பள்ளம் விழவில்லை. அசெஸ்மென்ட் ஷீட்டில் தோல் என்ற கட்டத்துக்கு நேரே ‘இன்டாக்ட்’ என்று எழுதினேன். எங்கும் காயமில்லை என்று பொருள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்காமல் எழுதிய வரி அது.

காலை டூட்டிக்கு வந்தவரும் ‘இன்டாக்ட்’ என்றே எழுதினார். மதியம் வந்தவரும் அப்படியே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேஸ் ஷீட்டில் முதலில் எழுதியது எதுவோ அதற்குத் தனி அதிகாரம் வந்துவிடுகிறது. பின்னால் வருகிறவர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் பார்த்துவிடுகிறார். அதனால்தான் முதல் அசெஸ்மென்ட் எழுதுகிற கைக்கு அவ்வளவு பொறுப்பு. இருபத்தாறு வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு, இப்போது படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்த நீலச் செருப்புதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

அன்று நான் தவறவிட்டது உள்ளங்காலை மட்டுமல்ல. ஒரு சொல்லையும் தவறவிட்டேன். என்ன செய்தது என்று கேட்டதற்கு அந்த அம்மா சொன்னது இது: “ராத்திரியெல்லாம் பசிச்சுப் பசிச்சு அப்புறம் பசியே அத்துப்போச்சு சிஸ்டர். குழாயடியில நின்னப்போ கைகாலெல்லாம் வெடவெடன்னு வந்துச்சு. கண்ணை இருட்டிக்கிச்சு.” ஷீட்டில் நான் எழுதியது: ‘கிடினெஸ், ஃபால்’. இரண்டே வார்த்தை.

நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளி தமிழில் சொல்வார், கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருக்கும். நடுவில் நிற்கிற நர்ஸ் பேனா ஓடுகிற வேகத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே போகிறார். அதை மொழிபெயர்ப்பு என்று யாரும் நினைப்பதில்லை. தலை கிறுகிறுக்குது என்று ஒருவர் சொன்னால் அவரைச் சுற்றி அறை சுழல்கிறது. காதுக்குள் இருக்கும் கோளாறாக இருக்கலாம். கண்ணை இருட்டிக்கிட்டு வருது என்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கலாம். தள்ளாட்டம் என்றால் நடையில் நிதானம் இல்லை. மயக்கமா வருது என்பதை எங்கள் பக்கத்தில் குமட்டலுக்கும் சொல்வார்கள். பசி மயக்கம் தனி. வெடவெடப்பு தனி, அதிலும் வியர்வையோடு வந்தால் முதலில் சுகரைப் பார்க்க வேண்டும். இத்தனையும் எங்கள் பேனாவில் ஒரே ‘கிடினெஸ்’ ஆகிவிடுகிறது. பசி என்று அந்த அம்மா எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லை நான் பிடித்திருந்தால், ஏன் ராத்திரி சாப்பிடவில்லை என்ற கேள்வி விடியற்காலையிலேயே வந்திருக்கும்.

வலியும் அப்படித்தான். குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, பிடுங்குது, எரியுது, விண்விண்ணு தெறிக்குது, சுருக்சுருக்குன்னு இழுக்குது, மதமதன்னு கிடக்குது. படிக்காத கிழவிகூட இந்தச் சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லமாட்டார். எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது போல் இருப்பது, பஞ்சு மேல் நடப்பது போல் இருப்பது எல்லாம் நரம்பின் பேச்சு. உளைச்சலும் கடுப்பும் தசையின் பேச்சு, மூட்டின் பேச்சு. 1975-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் வலியைச் சொல்கிற 78 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி 20 வகையாகப் பிரித்து ஒரு வினாத்தாள் ஆக்கினார். எந்தச் சொல்லால் வலியைச் சொல்கிறார் என்பதே நோயின் தடயம் என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. நாங்கள் வார்டில் செய்வது என்ன? பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு நம்பர் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். நம்பர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஊசி போட்டபின் ஏழு நாலாக இறங்கியதா என்று பார்க்க அது உதவும். ஆனால் நம்பரை எழுதிவிட்டுச் சொல்லை விட்டுவிடுவது வழிப்போக்கரிடம் தூரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு திசையைக் கேட்காமல் புறப்படுவது போல.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், விழி, மலம், மூத்திரம் ஆகிய ஏழோடு மொழியும் ஒன்று. குரல் எப்படி இருக்கிறது, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது. எட்டில் ஒரு பங்கைப் பேச்சுக்குக் கொடுத்த மரபு அது. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நாலு கூறாக்குகிறது. அதற்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் நாலு தகுதி சொல்கிறார். நோயாளிக்குரிய தகுதிகளில் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் வல்லமை. இதை முதலில் படித்தபோது வியந்தேன். அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே நோயாளியின் வாய்மொழியை மருந்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்களே என்று. ஆனால் வருஷங்கள் போகப் போக, அந்த வல்லமை நோயாளியிடம் மட்டும் இருப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். நின்றுகொண்டு கேட்டால் ஒரு பதில் வரும், உட்கார்ந்து கேட்டால் வேறு பதில் வரும். சொல்லும் வல்லமையில் பாதி கேட்பவரிடம் இருக்கிறது.

எதைக் கேட்கிறோம் என்பதும் கணக்கு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ புத்தகத்தில் நோயாளியைக் கவனிப்பது பற்றி ஒரு அத்தியாயமே உண்டு. ராத்திரி நன்றாக இருந்ததா என்று கேட்பதை அதில் கடிந்துகொள்கிறார். பத்து மணி நேரம் விழிக்காமல் தூங்கவில்லை என்றால் ஒருவருக்கு அது மோசமான ராத்திரி; அவ்வப்போது கண்ணயர்ந்தாலே இன்னொருவருக்கு அது போதும். ஐந்து இரவு பகல் கண் மூடாமல் கிடந்து அதனாலேயே செத்துப்போன ஒருவருக்கும், இடையில் விழித்துக்கொண்டதைத் தவிர வேறு குறையில்லாத இன்னொருவருக்கும் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில் ஒன்றாகவே இருந்தது என்கிறார். எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரத்தில் என்று கேட்கச் சொல்கிறார். இன்றைக்கும் எங்கள் வார்டில் காலையில் ஒலிக்கிற கேள்வி, “நல்லா தூங்கினீங்களாம்மா?” அதற்கு வருகிற பதில், “ம், தூங்கினேன் சிஸ்டர்.” ஷீட்டில் ‘ஸ்லீப் அடிக்வேட்’.

அன்று ராத்திரி ஏழரைக்கு மறுபடியும் டூட்டிக்கு வந்தேன். வார்டு அன்று கொஞ்சம் அமைதியாக இருந்தது. வாளியைத் தள்ளக் குனிந்ததும் செருப்பு கண்ணில் பட்டதும் அப்போதுதான்.

“இன்னொண்ணு எங்கம்மா?”

பதில் சொன்னது மருமகள். “விழுந்தப்போ எங்கயோ கழண்டு போயிருக்கும் சிஸ்டர். இது மட்டும்தான் ஆம்புலன்ஸ்ல வந்துச்சு.” நல்ல பெண். முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து மாமியார் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சாப்பாடு பற்றிக் கேட்டதற்கும் அவர்தான் பதில் சொன்னார். “டாக்டர் ராத்திரிக்குச் சப்பாத்திதான் சாப்பிடணும்னு சொல்லியிருக்காங்க. எங்களுக்கெல்லாம் சோறுதான். அத்தைக்கு மட்டும் தனியா மாவு பிசைஞ்சு மூணு சப்பாத்தி போட்டுத் தர்றேன். ஒருநாள் விட்டதில்ல.” அவர் முகத்தில் இருந்த பெருமை நியாயமானது. கட்டிலில் இருந்த அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே போய் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவரச் சொல்லி மருமகளை அனுப்பினேன். நம் ஊரில் நோயாளியைத் தனியாகப் பிடிப்பது லேசில்லை. கட்டிலைச் சுற்றி நிற்கிற அன்பு அத்தனையும் நோயாளியின் வாயை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது, என்னைக் கேளுங்கள் என்று மகன் சொல்வது உண்மையான அக்கறை. அதனால் விரட்டக் கூடாது. ஏதாவது ஒரு வேலை கொடுத்து அனுப்ப வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“வாயைத் திறங்கம்மா.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பல் நாலைந்து நின்றது. கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

“இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா சப்பாத்தி மெல்றீங்க?”

அந்த அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். “எங்க மெல்றது. பேரன் பக்கத்துல வந்து குந்துவான், அவனுக்குக் குடுத்துருவேன். ஒருவாய் மோரு குடிச்சிட்டு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துக்குவேன். அவகிட்டச் சொல்லிராதீங்க கண்ணு. எனக்குன்னு தனியாப் போடுறா. மனசு சங்கடப்படும்.”

சர்க்கரையை இறக்கும் மாத்திரை தினமும் ராத்திரி வெறும் வயிற்றில் இறங்கியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டால் ஆமாம் என்பது சத்தியமான பதில். என்ன உணவு என்று கேட்டால் சப்பாத்தி என்பதும் குடும்பத்தாரைப் பொறுத்தவரை சத்தியம். இரண்டு கட்டத்திலும் டிக் விழுந்துவிடும். வாய் என்கிற மூன்றாவது கட்டத்தை டார்ச் அடித்துப் பார்த்தால்தான் முதல் இரண்டிலும் இருந்த ஓட்டை தெரிகிறது. முழு மனிதரையும் பார்க்கிற அசெஸ்மென்ட் என்று பாடத்தில் வருவதை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். உடம்போடு மனதையும் குடும்பத்தையும் கடவுளையும் புதிய புதிய கட்டங்களாகச் சேர்த்துக்கொண்டே போவது அல்ல அது. ஒரு கட்டத்தில் கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு கட்டத்தின் கதவைத் தட்டிப் பார்ப்பது. பல்லுக்கும் மருமகளின் மனசுக்கும் சுகர் 46 ஆனதற்கும் நடுவே ஒரே ஒரு மோர் டம்ளர்தான் இருந்தது.

“சரி, அந்த இன்னொரு செருப்பு?”

“அது விழறதுக்கு முன்னாடியே இல்ல. குழாயடிக்குப் போய் நின்னப்புறம்தான் குனிஞ்சு பார்த்தேன், ஒரு கால்ல செருப்பைக் காணோம். எங்க கழண்டுச்சுன்னு தெரியல. இப்பல்லாம் அப்படித்தான் ஆவுது.”

எனக்கு உடம்பில் ஓர் அதிர்ச்சி ஓடியது. செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்று சர்க்கரை நோயாளி சொன்னால் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். சோதனை செய்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிற அடையாளம். அதைத்தான் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒற்றைச் செருப்பு காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

பாதங்களை ஈரத்துணியால் துடைத்தேன். களையெடுத்த கால், நூறுநாள் வேலையில் மண் சுமந்த கால். விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தேன். பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடினேன், இரண்டு காலிலும் கிடைத்தது. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டதும் நிறம் திரும்பிவந்தது. ரத்த ஓட்டத்தில் குறையில்லை. பிறகு, “கண்ணை மூடிக்கோங்கம்மா, நான் தொட்டா தொட்டேன்னு சொல்லுங்க” என்று பஞ்சை முறுக்கிக்கொண்டு தொட ஆரம்பித்தேன். கணுக்காலில் சரியாகச் சொன்னார். பாதத்துக்கு இறங்கியதும், நான் தொடாமல் இருந்தபோதும் “ம், தொட்டீங்க” என்றார். என் மனம் கோணக் கூடாது என்பதற்காக. இந்த அன்பையும் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சீரான இடைவெளியில் தொட்டால் தாளம் பிடித்துச் சொல்லிவிடுவார்கள். நிறுத்தி, விட்டு, இடம் மாற்றித் தொட வேண்டும்.

வலது உள்ளங்காலில் பெருவிரலின் அடியில் தடித்த காய்ப்பு. அதன் நடுவே கறுப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் லேசான ஈரம். கருவேல முள், உள்ளே ஒடிந்து நின்றிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் சுட்டது. பாடப்புத்தகம் சிவந்திருக்கும் என்று சொல்லும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, சூடுதான் தெரியும். படுக்கைப்புண் வரப்போகிறது என்பதையும் அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரத்தசோகையைக் கண் இமையின் உட்புறத்திலும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும், மஞ்சள் காமாலையை டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல் ஜன்னலோரம் கொண்டுபோய் விழிவெண்மையில் பார்க்க வேண்டும். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கூட கறுத்த தோலில் ஆக்ஸிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் எழுதினார்கள். கை அறிந்துகொள்வதைக் கருவி வந்துவிட்டது என்று கைவிட்டுவிடக் கூடாது.

“வலிக்கலையாம்மா?”

“வலிச்சா பார்த்திருக்கமாட்டனா?”

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு மருத்துவர் தன் ஆயுளையே செலவிட்டிருக்கிறார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதாக அதுவரை நம்பியிருந்தார்கள். அப்படியல்ல, வலி தெரியாததால் படுகிற காயங்களும் சூடுகளும் கவனிக்கப்படாமல் போய்த்தான் விரல்கள் குறைகின்றன என்று அவர் வேலூரில் இருந்துகொண்டு நிலைநாட்டினார். தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரல் இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே தொழுநோய்ப் பாதத்தில் கற்றது சர்க்கரைப் பாதத்துக்கும் பொருந்தியது. இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வைத்துப் பார்க்கிற நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை, 1980-களில் கார்வில்லில் தரம்பார்க்கப்பட்டதுதான். தொழுநோயாளிகளின் கால்களுக்காக வேலூர்ப் பக்கத்தில் உருவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வலியைப் போக்குவதே மருத்துவம் என்று நினைத்துப் படிக்க வருகிற பிள்ளைகளிடம், வலி இல்லை என்று ஒருவர் சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

முள்ளை டாக்டர் எடுத்தார். சீழ் ஆழமாகப் போகவில்லை. எலும்பு வரை போயிருந்தால் என் ‘இன்டாக்ட்’ என்ற வரிக்கு அந்த அம்மா ஒரு விரலை விலையாகக் கொடுத்திருப்பார். அந்த வரியை நான் அடித்து எழுதவில்லை. கேஸ் ஷீட்டில் அடித்து எழுதக் கூடாது. அதற்குக் கீழே தேதியும் நேரமும் போட்டு, காலையில் உள்ளங்கால் பார்க்கப்படவில்லை என்றும், இப்போது பார்த்ததில் இருந்தது இது என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாணவிகள் நிரப்புகிற படிவம் பெரும்பாலும் மார்ஜரி கார்டனின் 11 அமைப்புகளைப் பின்பற்றியது. உடல்நலம் பற்றி நோயாளியே நினைப்பது, உணவு, கழிவு, நடமாட்டம், தூக்கம், அறிவும் புலனும், தன்னைப் பற்றிய எண்ணம், உறவும் பொறுப்பும், பாலியல், கவலையைத் தாங்கும் விதம், கடைசியாக நம்பிக்கை. இதில் இரண்டு கட்டங்கள் எப்போதும் வெறுமையாக இருக்கும். பாலியல் கட்டத்தில் ‘நில்’ என்று ஒரு கோடு. அறுபது வயது விதவையிடம் என்ன கேட்பது என்று பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். ஆனால் சர்க்கரை கூடிய பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வருகிற அரிப்பு பல மாதம் யாரிடமும் சொல்லப்படாமலே கிடக்கும். திரையை இழுத்துவிட்டு, “சிறுநீர் போற இடத்துல அரிப்பு, எரிச்சல் ஏதாவது இருக்காம்மா, சுகர் இருக்கிறவங்களுக்கு வர்றதுதான்” என்று கேட்டால் போதும். வர்றதுதான் என்ற அந்த ஒரு சொல் பாதி வெட்கத்தை எடுத்துவிடும்.

இன்னொன்று நம்பிக்கை. அதில் ‘ஹிந்து’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சாதிச் சான்றிதழுக்கு உதவுகிற தகவல் அது, அசெஸ்மென்ட் ஆகாது. காலில் கட்டுப் போட்டு முடித்த மறுநாள் நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், சாமிக்கு ஏதாவது வேண்டுதல் இருக்கிறதா என்று. நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார். சமயபுரத்துக்கு நடந்து வருவதாக வேண்டியிருக்கிறார், பேத்திக்காக. மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கினால் 28 நாள் மாரியம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப்பட்டினி விரதம் இருப்பாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம் போன்றவைதான் நைவேத்தியம். அந்த அம்மாவும் வருஷா வருஷம் கூடவே விரதம் இருப்பார். அந்த நாட்களில்தான் துறையூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து மஞ்சள் சேலை கட்டி ரோட்டோரமாக நடந்து வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பங்குனி வெயில், தார்ச் சாலை, வெறுங்கால்.

பசியும் மாத்திரையும் ஒரு பக்கம். உணர்ச்சியற்ற பாதமும் சுடுகிற தார் ரோடும் இன்னொரு பக்கம். இரண்டும் நம்பிக்கை என்ற கட்டத்துக்குள் காத்திருந்தன. கேட்காமல் விட்டிருந்தால் முள் எடுத்த காலோடு ஆறு வாரத்தில் அந்த அம்மா ரோட்டில் நடந்துகொண்டிருப்பார். போகக் கூடாது என்று சொல்லி அனுப்புவது எளிது. எங்களிடம் சரி என்று தலையாட்டிவிட்டு அவர் போவார் என்பது எனக்குத் தெரியும். தாயை மகள் தனியாகப் பட்டினி கிடக்கவிடமாட்டாள் என்கிற மாதிரி, தனக்காகப் பட்டினி கிடக்கிற தெய்வத்தை விட்டுவிட்டு அவர் சோறு தின்னமாட்டார். இதை மூடநம்பிக்கை என்று பேசி முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அம்மாவின் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் அவரே எடுத்த முடிவு என்று ஏதாவது இருந்தால் அது அந்த நடைதான்.

மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். விரத நாளில் எதைச் சாப்பிடுவது, எதை நிறுத்துவது என்பதை அவரே உட்கார்ந்து பேசினார். மருமகளிடம் நான் ஆஸ்பத்திரி உத்தரவு போலச் சொன்னேன், பல் டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் ராத்திரிக்கு மெத்தென்று இருப்பதாகக் கொடுக்க வேண்டும், கேழ்வரகுக் களியோ கோதுமை ரவையோ என்று. சப்பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் களி கிண்டுவதற்கு அளவு கேட்டுக்கொண்டார். பின்னால் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். பின்வார் இருந்தால் கழன்று விழாது. தினமும் ராத்திரி பேரனை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அது அந்த அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

செருப்பைக் கையில் வாங்கிப் பார்த்த மாதிரியே ஒரு நிமிஷம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமயபுரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரே ஆரம்பித்தார்.

“நடந்து வர்றேன்னுதான் ஆத்தாகிட்டச் சொன்னேன் சிஸ்டர்.”

“ஆமாம்மா.”

“செருப்பில்லாம வர்றேன்னு நான் சொல்லலையே.”

டிஸ்சார்ஜ் நோட்டில் நம்பிக்கை என்ற கட்டத்தில் அந்த இரண்டு வரியையும் மேற்கோள் குறி போட்டு அவர் சொன்னபடி தமிழிலேயே எழுதினேன். இடம் பற்றவில்லை. ஓரத்தில் திருப்பி எழுதி முடித்தேன்.